புரோட் காம்ப்டன் தேவாலயமும் கலாயோகியின் மரபும்

மரபு பற்றிய விவாதம் நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. பழையன யாவும் போற்றிப் பேணத்தக்கன என்போர் ஒருபுறமும், பழையன யாவும் நிலவுடைமைச் சமுதாயத்தின் எச்சங்கள், அவற்றை உதறுதலே முற்போக்கு என்போர் மறுபுறமும் நின்று வாதிடுகின்றனர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் சொற்களோடு சொற்களையே மோதவிடுகின்றனர் என்பது நமது எண்ணம். கல்லாலும் சுண்ணாம்பாலும் மரத்தாலும் ஆன ஒரு கட்டடத்தை முன்னிறுத்தி இதே விவாதத்தை நடத்தினால் அது சற்றே தெளிவடையும். வழிபாட்டுக்கென எழுந்த கட்டடம் ஒன்று; வழிபட்ட மக்கள் மறைந்துவிட்டனர் அல்லது மாறிவிட்டனர்; கட்டடம் மட்டும் நிற்கிறது. அதனை என்செய்வது? இடித்துவிடுவதா, பழையபடியே புதுக்குவதா, வேறொரு வாழ்க்கைக்கு இடமாக்குவதா? இவ்வினாவுக்கு ஒருவர் கூறும் விடையிலிருந்து அவர் மரபு என்று எதனைக் கருதுகிறார் என்பதை அறிந்துகொள்ளலாம்.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாகாணத்தில் புரோட் காம்ப்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு தேவாலயம் ஒன்று வழிபாடு ஒழிந்து, பிற பயன்களுக்கு உட்பட்டு, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் பாழடைந்து கிடந்தது. 1905 முதல் 1907 வரையுள்ள காலத்தில் சி. ஆர். அஷ்பி என்னும் கட்டடக் கலைஞர் அதனைச் செப்பனிட்டு, ஒரு குடும்பம் வாழ்வதற்குரிய இல்லமாக மாற்றியமைத்தார். அவ்வில்லத்துக்கு உரியவராகக் குடிபுகுந்தவர், 1877 இல் கொழும்பிலே பிறந்தவரும், நம்மவரால் கலாயோகி எனப் போற்றப்படுபவருமான ஆனந்த குமாரசுவாமி. இங்கிலாந்தின் பெரிய கதீட்ரல்களை விடுத்து இச்சிறு கட்டடத்தை நாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் இதுவே. நமது நாட்டுக் கலைமரபு பற்றிய முதற்பெரும் நூல் அச்சேறியது இப்பழைய தேவாலயத்துச் சுவர்களுக்குள்ளேயாகும். கலாயோகியைப் பற்றி நம்மிடையே வெளிவந்த கட்டுரைகளில் துதியுரைகளே மிகுதி. அவர் வாழ்ந்த வீட்டைப் பற்றி எவரும் அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை. சிந்தனையாளனைப் புரிந்துகொள்ள அவன் குடியிருந்த வீடு சில வேளைகளில் அவனுடைய நூல்களைக் காட்டிலும் நேர்மையாகப் பேசும்.

அஷ்பியின் வேலையை மதிப்பிடுவதற்கு முன் வில்லியம் மொறிசைப் பற்றிக் கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே பழைய தேவாலயங்களைப் 'புதுக்கும்' வேகம் ஒரு காய்ச்சலைப்போற் பரவியிருந்தது. கைத்தொழிற் புரட்சியின் இலாபத்தாற் கொழுத்த வர்க்கம் தன் பக்தியைக் கல்லிற் காட்ட விரும்பியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கொதிக் கலையே தூய்மையானது என்ற கொள்கையினால், அதன்பின் வந்த தலைமுறைகள் சேர்த்த வேலைப்பாடுகள் யாவும் பிடுங்கி எறியப்பட்டன, சுவர்கள் சுரண்டப்பட்டன, இல்லாதிருந்த பழைமை புதிதாய்ச் செதுக்கி ஒட்டப்பட்டது. ஜோன் ரஸ்கின் 1849 இலேயே இதனைக் கண்டித்து எழுதியிருந்தார். அதே குளோஸ்டர்ஷயரில் உள்ள டியூக்ஸ்பரித் தேவாலயத்தைக் கில்பேட் ஸ்கொட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் புதுக்க முற்பட்டபோது, 1877 இல் மொறிஸ் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அவ்வாண்டிலேயே பழைய கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. குமாரசுவாமி பிறந்ததும் அவ்வாண்டே என்பது வெறும் தற்செயல்தான். எனினும் நினைவிற் கொள்ள வசதியான தற்செயல்.

மொறிசின் நிலைப்பாட்டைப் பலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கின்றனர். பழைமை மீது கொண்ட வெறும் காதல் அன்று அது. ஒரு கட்டடம் அதனைக் கட்டிய தொழிலாளரின் கைவேலை. அவர்கள் எத்தகைய சமுதாய நிலைமைகளில் உழைத்தார்களோ அந்நிலைமைகளின் அடையாளம் அதிலே பதிந்திருக்கிறது. கூலிக்கு உளி பிடிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளியிடம் மத்தியகாலச் சிற்பியின் கையை எதிர்பார்ப்பது பொய்; அவன் செதுக்குவது பிரதியாகவே இருக்கும். ஆகவே ஒழுகும் கூரையை அடை, சாயும் சுவருக்கு முட்டுக் கொடு, நாள்தோறும் பராமரி. வரலாற்றைத் திருத்தி எழுத முனையாதே என்பதே அவரது வாதத்தின் சாரம். ஆறாண்டுகளின் பின், 1883 இல், மொறிஸ் சமவுடைமை இயக்கத்திற் சேர்ந்தார். கட்டடங்களைப் பற்றி எழுப்பிய வினா அவரை அங்கே கொண்டுசென்றது என்று நாம் துணிந்து கூறலாம். கலையை நேசித்த ஒருவர், அக்கலையைப் படைத்த உழைப்பு ஏன் இழிந்துபோயிற்று என்று கேட்கத் தொடங்கினால், அக்கேள்வி அவரைச் சுரண்டலின் வாசலிற் கொண்டுபோய் நிறுத்தாமல் விடாது. பழுதுபார்ப்புச் செய்யும்போது இட்டுச்சேர்க்கும் பகுதி பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரியவேண்டும், ஊகம் தொடங்குமிடத்திற் புதுக்கல் நின்றுவிடவேண்டும், சமுதாயத்துக்குப் பயன்படும் ஒரு நோக்கத்துக்கு உட்படுத்துவது பாதுகாப்புக்குத் துணையாகும் என்பன 1964 இல் வெனிஸ் நகரிற் கூடிய அறிஞர்களின் சாசனத்திற் சர்வதேச நெறிகளாயின. அவற்றுட் பலவற்றின் வித்து மொறிசிடம் உண்டு.

அஷ்பி மொறிசின் வழிவந்தவர். 1888 இல் கிழக்கு லண்டனின் வறிய தொழிலாளர் பகுதியிலே கைவினைச் சங்கமும் பாடசாலையும் நிறுவினார். தச்சரும் கொல்லரும் வெள்ளி வேலை செய்வோரும் அதன் உறுப்பினர். 1902 இல் குடும்பங்களோடு ஏறத்தாழ 150 பேர் கிழக்கு லண்டனைவிட்டுச் சிப்பிங் காம்ப்டன் என்னும் சிறு பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தனர். புகையும் இரைச்சலும் நிறைந்த தலைநகரை விட்டு வயலும் தோட்டமும் சூழ்ந்த இடத்தில், உழைப்பின் இன்பத்தை மீட்டெடுப்பது நோக்கம். எதெல் பாட்றிஜ் என்னும் பெண்மணியின் சகோதரர் அச்சங்கத்தில் நகை வேலை செய்தவர். 1902 இல் எதெல் குமாரசுவாமியை மணந்தார். புரோட் காம்ப்டன் சிப்பிங் காம்ப்டனை அடுத்துள்ள ஊர். இலங்கையிலே கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகக் கடமையாற்றிய குமாரசுவாமி, பாழடைந்த தேவாலயம் ஒன்றின் உரிமையாளரானது இத்தொடர்பினாலேயாகும்.

இனி, அக்கட்டட வேலையைப் பார்ப்போம். செப்பனிடும் தொழில் என்ற அளவிலே அது நேர்மையான வேலை என்பதில் ஐயமில்லை. நோர்மன் காலத்துக் கல்வேலை காக்கப்பட்டது. குடும்ப வாழ்க்கைக்கு வேண்டிய மேலதிக இடத்துக்காக அஷ்பி புதிய பகுதியை இணைத்தார். அப்பகுதியில் பன்னிரண்டாம் நூற்றாண்டைப் போலிசெய்யும் முயற்சி இல்லை. அந்நாட்டுப்புறத்து வீடுகளின் எளிய மரபைத் தழுவி அது அமைந்தது. எது பழையது, எது புதியது என்பதைப் பார்ப்பவன் அறியலாம். கட்டடம் தன் வயதை ஒளிக்கவில்லை. வழிபாட்டுக்கு மக்கள் வாராத நிலையில், பூட்டிவைத்து அழியவிடுவதைக் காட்டிலும் வாழிடமாக்குவது மேலானது என்றே நாம் கருதுகிறோம். தெய்வ நிந்தனை என்று இதற்கு எதிராகக் கூச்சலிடுவோருக்கு விடைகூறவேண்டிய அவசியம் இல்லை. மனிதர் உறங்கி, உண்டு, புத்தகம் படித்தமையால் எந்தக் கல்லும் தீட்டுப்பட்டுவிடவில்லை.

ஆயின், கல்லுக்கு நேர்ந்த நன்மையைப் பேசிமுடித்த பின்னர் மனிதரைப் பற்றிப் பேசவேண்டும். ஊருக்குப் பொதுவாயிருந்த ஒரு கட்டடம் ஒருவருடைய தனியுடைமையாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் குடியானவன் தன் ஆண்டைக்குக் கட்டுப்பட்டவனே. அவன் எழுப்பிய தேவாலயம் அவனை அடக்கிவைத்த அதிகாரத்தின் ஓர் உறுப்பே. எனினும் அதன் வாயில் அவனுக்கும் திறந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டிற் செம்மையாகப் பேணப்பட்ட அதே வாயில் விருந்தினருக்கு மட்டும் திறந்தது. பாதுகாப்பு என்பது உடைமையின் தன்மையை மாற்றுவதில்லை. சில வேளைகளில் அதற்கு மெருகேற்றுகிறது. இன்று ஐரோப்பாவிலே ஆட்கள் வாராத தேவாலயங்கள் விலைக்கு விற்கப்பட்டு, அடுக்குமாடி வீடுகளாகவும் உணவகங்களாகவும் மாறிவருகின்றன. வளைந்த சாளரத்துக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் வீட்டுத் தரகர்கள் தனி விலை கூறுகின்றனர். புரோட் காம்ப்டனிலே மென்மையான இரசனையோடு தொடங்கியது, சந்தையிலே விளம்பர வாசகமாக முடிந்திருக்கிறது.

மொறிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகம் அவர் 1896 இல் மறைந்தபின் நின்றுபோக, அதன் பொறிகள் அஷ்பியின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்கு வந்திருந்தன. அவ்வச்சகம் பின்னர்த் தேவாலய இல்லத்துக்கே கொண்டுவரப்பட்டது. 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, பதினைந்து மாதங்களாக, குமாரசுவாமியின் நேரடி மேற்பார்வையில் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் கையச்சில் அச்சிடப்பட்டது. கண்டி இராச்சியத்துச் சித்திரக்காரர், தச்சர், தட்டார், கல்வேலை செய்வோர், நெசவாளர் ஆகியோரின் தொழில்நுட்பங்களை ஊரூராகச் சென்று கேட்டறிந்து திரட்டிய செல்வம் அது. குடியேற்ற ஆட்சியாளர் இத்தொழில்களை அநாகரிக மக்களின் கைச்சிங்காரம் என்று தள்ளிவைத்திருந்த காலத்தில், இதுவும் உயர்ந்த கலை என்று நிலைநாட்டிய தொண்டு எளிதில் மறக்கத்தக்கதன்று. அதனை மறுப்போமாயின் நாம் நன்றிகெட்டவராவோம். அந்நூலின் புகைப்படங்களிற் பெரும்பகுதியை எடுத்தவர் எதெல் என்பதையும் கூறிவைப்பது கடன். நம் கட்டுரையாளர்கள் அவரைக் 'கலாயோகியின் முதல் மனைவி' என்று ஒரு வரியிற் கடந்துபோகிறார்கள். இலங்கையின் நெசவையும் தையல் வேலையையும் கண்டு கற்ற அப்பெண்மணி, பிற்காலத்தில் எதெல் மயிரே என்னும் பெயரோடு இங்கிலாந்தின் கைத்தறிக் கலைஞருள் முதன்மையானவராக விளங்கினார். இயற்கைச் சாயங்களைப் பற்றி 1916 இல் நூலும் எழுதினார். கைவினையைப் பற்றி எழுதியவரின் புகழ் நிலைத்தது. கைவினையையே செய்தவரின் பெயர் அடிக்குறிப்புக்குப் போயிற்று.

அந்நூல் எத்தனை பிரதிகள் அச்சாயின? 425. இரண்டாம் பதிப்பு 1956 இலேயே, நியூயோர்க்கில், வெளிவந்தது. கண்டிச் சீமையின் கைவினைஞர் எவருடைய கையையும் இந்த 425 பிரதிகளுள் ஒன்றேனும் எட்டியிருக்குமா என்பது ஐயமே. கையாற் கோத்த எழுத்து, கையால் இயக்கிய பொறி, எழில்மிகு தாள் யாவும் ஒன்றுசேர்ந்து அந்நூலை அரும்பொருளாக்கின. அரும்பொருளானமையால் அது செல்வர்களின் நூலகங்களுக்கு உரியதாயிற்று. எளிய மக்களின் கலையைப் போற்றும் நூல் எளிய மக்களுக்கு எட்டாத முறையிலே உற்பத்தி செய்யப்பட்டது. இம்முரண்பாட்டை மொறிஸ் தம் வாழ்நாளில் உணர்ந்து வருந்தினார். அவருடைய அழகிய சுவர்த்தாள்களும் திரைச்சீலைகளும் செல்வர் வீடுகளையே அடைந்தன. வருந்திய மொறிஸ் தெருமுனையில் நின்று தொழிலாளரிடையே பேசினார். குமாரசுவாமி அந்த இரண்டாவது காலடியை எடுத்துவைக்கவில்லை. நமது மதிப்பீட்டில் இருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே. இது சிறிய வேறுபாடன்று.

அந்நூல் அச்சாகிக்கொண்டிருந்த அதே மாதங்களிற் கைவினைச் சங்கம் சரிந்துகொண்டிருந்தது. 1907 இன் இறுதியிலும் 1908 இலுமாக அக்கம்பனி கலைக்கப்பட்டது. இயந்திரத்தால் இதே பாணியில் மலிவாகச் செய்த பொருட்களோடு போட்டியிட இயலவில்லை. லண்டன் சந்தை தொலைவாயிற்று. வேலை குறைந்த காலத்தில் லண்டனில் வேறு பட்டறைக்குப் போயிருக்கக்கூடிய தொழிலாளி, அச்சிற்றூரிலே கைகட்டி இருக்க நேர்ந்தது. சங்கத்தார் சிலருக்கு நிலம் கொடுத்து வாழவைக்கப் புரோட் காம்ப்டனிலே காணி வாங்கி உதவியவர் ஜோசப் பெல்ஸ் என்னும் அமெரிக்கச் சவர்க்கார உற்பத்தியாளர். (இதே பெல்ஸ்தான், 1907 இல் லண்டனிற் கூடிய ருசியச் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் மாநாடு பணமின்றித் தவித்தபோது 1,700 பவுண் கடன் கொடுத்தவர். லெனின் கலந்துகொண்ட மாநாடு அது. ஒரே சவர்க்காரப் பணம் ஒருபுறம் கடந்த காலத்தை மீட்க முயன்றோருக்கும், மறுபுறம் எதிர்காலத்தைப் படைக்க முயன்றோருக்கும் போய்ச்சேர்ந்தது. அக்கடனைப் புரட்சிக்குப் பின் சோவியத் அரசு அவருடைய குடும்பத்துக்குத் திருப்பிச் செலுத்தியது. வரலாறு சில வேளைகளில் நகைச்சுவை உணர்வோடு நடந்துகொள்கிறது.)

சங்கத்தின் வீழ்ச்சி ஒரு பாடத்தைக் கொண்டிருந்தது. முதலாளித்துவச் சந்தையின் நடுவே, அச்சந்தையை மாற்றாமல், ஒரு மத்தியகாலத் தீவை அமைத்துவிட முடியாது என்பதே அப்பாடம். அஷ்பி இதனை ஓரளவு கற்றுக்கொண்டார். இயந்திரத்தை முற்றாக மறுக்கும் நிலையை அவர் பின்னர்க் கைவிட்டார். குமாரசுவாமியோ எதிர்த்திசையில் நடந்தார். 1909 இல், அஷ்பியின் முன்னுரையோடு, 'இந்தியக் கைவினைஞன்' என்னும் நூலை வெளியிட்டார். சங்கம் எனும் அமைப்பு இங்கிலாந்திற் பெறத் தவறிய நிலைபேற்றை இந்தியாவிலே பிறப்புரிமை பெற்றுத் தந்தது என்பது அந்நூலின் உட்கிடை. தந்தையிடமிருந்து மகன் தொழிலைக் கற்கிறான். சமுதாயத்தில் அவனுக்கு நிலையான இடம் உண்டு. போட்டியின் கொடுமை அவனைத் தீண்டுவதில்லை என்றெல்லாம் அங்கு விரிகிறது ஓர் இனிய சித்திரம். தமிழிலே அச்சித்திரத்துக்குப் பெயர் சாதி.

கண்டி இராச்சியத்தை எடுத்துக்கொள்வோம். கைவினைஞன் காணியை அநுபவித்தான். அதற்கீடாக அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலைக்கோ பிரதானிக்கோ இராசகாரியம் செய்தான். தட்டாரும் கொல்லரும் தச்சரும் அரசனின் பணிப்பகுதிகளில் தொகுக்கப்பட்டிருந்தனர். அவர்களுடைய தொழில் பிறப்பினால் தீர்மானிக்கப்பட்டது. அவர்களுடைய உடையும் பெயரும்கூடச் சாதி வழமையால் வரையறுக்கப்பட்டன. குமாரசுவாமி இவ்வமைப்பின் விவரங்களை மறைக்கவில்லை. சொல்லப்போனால் அவருடைய நூலே அவற்றை அறிவதற்கு நமக்கு உதவும் சிறந்த ஆதாரங்களுள் ஒன்று. விவரங்களைக் காட்டியவர் அவற்றின் பொருளைக் காணவில்லை என்பதே நமது குறை. கையில் உளியுடன் இருந்தவன் அந்த உளியைக் கீழே வைக்க உரிமையற்றவனாயிருந்தான். பிரித்தானியர் 1830களின் தொடக்கத்தில் இராசகாரியத்தை ஒழித்தது கருணையினால் அன்று, கூலியுழைப்பையும் பெருந்தோட்டத்தையும் நோக்கியே என்பது மெய். அதனால் கலைத்தொழில் நலிந்ததும் மெய். ஆயினும் நலிந்த கலைக்காகக் கண்ணீர் வடிப்பவர், அவிழ்ந்த கட்டுக்காக ஒருகணமாவது மகிழ்ந்திருக்கவேண்டாமா?

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மை நேரே தொடும் செய்தி ஒன்றும் உண்டு. தம் வாழ்வின் இறுதிப் பகுதியில், 1940களில், அமெரிக்காவிலிருந்து எழுதியபோது, எழுத்தறிவையே ஒரு பூச்சாண்டி என்று தலைப்பிட்டு அவர் கட்டுரை வரைந்தார். எழுதப்படிக்கத் தெரியாத மக்களிடமும் உயர்ந்த பண்பாடு உண்டு, வாய்மொழி மரபைக் குடியேற்றக் கல்வி அழிக்கிறது என்பது வாதம். குடியேற்றக் கல்வியைக் குறித்து அவர் சொன்னவற்றுள் உண்மை நிறைய உண்டு; 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் நிறுவப்பட்ட நாள் தொட்டு, மேனாட்டு நடையுடையைக் குருட்டுத்தனமாகப் பின்பற்றுவதை அவர் கண்டித்து வந்தமை நமக்கு உடன்பாடே. ஆனால் யாழ்ப்பாணத்தில் 1920களிலும் 1930களிலும் 'சம ஆசனம்' கேட்டமைக்காக ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பட்ட துன்பத்தை அறிந்த எவரும், அவர்கள் அமர்ந்த பாடசாலைகள் தீக்கிரையான வரலாற்றைக் கேட்ட எவரும், எழுத்தறிவைப் பற்றி அவ்வளவு அலட்சியமாகப் பேசத் துணியார். படித்தவர் படிப்பை இகழ்வது எளிது. கதவு சாத்தப்பட்டவனுக்கே கதவின் அருமை தெரியும்.

மறுபடி கட்டடங்களுக்கு வருவோம். 1905 இல், புரோட் காம்ப்டன் வேலை தொடங்கிய அதே ஆண்டில், குமாரசுவாமி கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய கட்டடங்கள் பேணுவாரின்றி அழிவதையும், புதுக்கல் என்ற பெயரில் அவற்றின் அழகு கெடுக்கப்படுவதையும் எடுத்துக்காட்டி, அவர்களுடைய பொறுப்பை நினைவூட்டினார். மொறிஸ் 1877 இல் எழுப்பிய குரல் இலங்கைக்கு வந்த வழி இது. கடிதத்தின் உள்ளடக்கத்தில் நாம் பெரிதும் உடன்படுகிறோம். கடிதத்தின் விலாசத்தைப் பற்றியே நாம் கேட்கவேண்டியிருக்கிறது. பிரதானிகளுக்கு எழுதினார், கல்தச்சனுக்கும் சித்திரக்காரனுக்கும் எழுதவில்லை. கட்டடத்தின் விதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே முறையிட்டார் என்று அவர் சார்பிற் கூறலாம். அவ்வதிகாரம் அவர்களிடம் ஏன் இருக்கவேண்டும் என்பதோ அக்கடிதம் எழுப்பாத கேள்வி.

அஷ்பியின் பிற்காலத்தில் நம் கவனத்துக்குரிய ஒரு நிகழ்ச்சி உண்டு. குமாரசுவாமி நீங்கியபின் 1911 இல் அஷ்பி குடும்பத்தோடு அதே தேவாலய இல்லத்திற் குடியேறியிருந்தார். முதலாம் உலகப்போரின் முடிவில், பிரித்தானியர் கைப்பற்றிய எருசலேமுக்கு நகர ஆலோசகராகச் சென்று 1922 வரை பணிபுரிந்தார். அங்கே, ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பாறைக் குவிமாடத்தின் புறச்சுவர்களை மூடிய வண்ண ஓடுகள் சிதைந்திருந்தன. அவற்றைச் செப்பனிட வேண்டிய ஓடுகளைச் செய்வதற்காகத் தாவீது ஒஹானெசியன் என்னும் ஆர்மீனியக் கைவினைஞர் வரவழைக்கப்பட்டார். துருக்கியின் குத்தாகியா நகரிலிருந்து, ஆர்மீனியரை அழித்தொழித்த கொடுமையில் நாடுகடத்தப்பட்டுத் தப்பியவர் அவர். இஸ்லாமியரின் புனிதத் தலத்துக்குக் கிறித்தவ அகதி ஒருவரின் சூளை! அக்குவிமாடத்தின் சுவர்களைப் புதுக்கும் திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. சூளை மட்டும் அணையவில்லை. எருசலேமின் ஆர்மீனிய வண்ண ஓட்டுத் தொழில் இன்றும் வாழ்கிறது. மூடிக்கிடந்த பழைய பருத்திக் கடைத்தெருவும் அக்காலத்திலே திருத்தப்பட்டு, அங்கு தறிகள் இயங்கின. ஆதிக்க அரசின் அலுவலராக அவர் அங்கே போனார் என்பதையும், அவ்வாட்சி பாலஸ்தீன மக்களுக்கு இழைத்த அநீதியின் விளைவு இன்றளவும் குருதியாய் ஓடுகிறது என்பதையும் மறந்து இதனைப் புகழ முடியாது. எனினும் கட்டடம் செப்பனிடப்படும்போது, அதனோடு ஒரு தொழிலும் அத்தொழிலைச் செய்வோரின் வாழ்வும் செப்பனிடப்படலாம் என்பதற்கு, புரோட் காம்ப்டன் இல்லத்தைவிட அந்தச் சூளை சிறந்த சான்று.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு நம் ஊர்க் கோயில்களைப் பார்ப்போம். போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர், புலம்பெயர்ந்தோரின் பணத்தால் வடக்கிலே திருப்பணி நடைபெறாத கோயில் அரிது. பொழிகல்லில் எழுந்த பழைய மண்டபங்கள் பல இடிக்கப்பட்டுச் சீமெந்துத் தூண்கள் எழுகின்றன. சுண்ணாம்புக் காரை பூசிய, கோடையிலும் குளிர்ந்த சுவர்களைப் பளபளக்கும் ஓடுகள் மறைக்கின்றன. பழைய சுதைச் சிற்பங்கள் மீது கண்ணைப் பறிக்கும் வண்ணப்பூச்சு ஏறுகிறது. இஃது இடிப்பதா, கட்டுவதா என்று வேறுபடுத்துவது கடினம். மொறிஸ் கண்ட காய்ச்சல்தான் இது. அங்கே கைத்தொழில் முதலாளியின் பணம், இங்கே வெளிநாட்டிற் பிழிந்தெடுக்கப்பட்ட கூலியுழைப்பின் பணம் என்பதே வேறுபாடு. பனியிலும் இரவு வேலையிலும் உழைத்தவன் தன் ஊர்க் கோயிலுக்கு அனுப்பும் காசைப் பழிக்க நமக்கு மனமில்லை. அக்காசைக் கொண்டு பழைய கல்லைப் பெயர்த்தெறியும் பரிபாலன சபைகளைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

புதுக்கப்பட்ட கோயிலின் வாயில் யாருக்குத் திறக்கிறது என்பது அதனினும் பெரிய கேள்வி. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியது. அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. மரபைக் காக்கவே வாயிலை அடைக்கிறோம் என்றார்கள் அடைத்தவர்கள். அவர்கள் காக்க முற்பட்ட மரபுக்கும் கலாயோகி இனிமையாக வருணித்த நிலையான சமுதாயத்துக்கும் இடையே இருந்த உறவு தற்செயலானதன்று. அத்தகைய கோயில்களின் கல்லைச் சுமந்தவர்களும் சுண்ணாம்பைச் சுட்டவர்களும் யார் என்பதை ஊரிலுள்ள முதியோரிடம் கேட்டறிவது இன்றும் இயலும்.

வேறொரு கட்டடத்தையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 ஆம் ஆண்டுப் போருக்குப்பின் இடிபாடாயிற்று. கோட்டை மதில்களைத் திருத்துவதற்கு ஒல்லாந்தின் உதவியும் கிடைத்தது. தேவாலயத்தையும் பழையபடியே எழுப்பவேண்டும் என்று விரும்புவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். இன்று எழுப்பினால் அது 1706 ஐயும் காட்டாது, 1990 ஐயும் காட்டாது. விழுந்த கற்களை மழை அரிக்காமற் காத்து, விழுந்தபடியே விட்டு, மாணவர்களை அழைத்துச் சென்று இரண்டு ஆண்டுகளையும் சொல்லிக்கொடுக்கலாம். ஆட்சியாளனின் தேவாலயம் என்பதற்காக அழிந்தது நன்று எனக் கூறுவோரின் கூற்றையும் நாம் ஏற்கவில்லை. ஒல்லாந்தனின் கட்டளைக்கு அதன் கல்லைச் சுமந்தவர்கள் நம்மவர்கள்.

நம் கோயில்களிற் கும்பாபிடேகம் முடிந்ததும் மலர் வெளியிடுவது வழக்கம். வழவழப்பான தாளில், உபயகாரரின் படங்களும் பரிபாலன சபையாரின் படங்களும் பக்கம் பக்கமாக இடம்பெறும். வெளிநாட்டுக் கிளைகள் கொடுத்த தொகை சதம் பிசகாமல் அச்சிடப்பட்டிருக்கும். ஆசிச் செய்திகளுக்குக் குறைவிராது. நாம் பார்த்த மலர்களில் இடிக்கப்பட்ட மண்டபத்தின் அளவையோ, அதன் தூண்களின் படத்தையோ, அதற்குரிய காலத்தையோ குறித்துவைத்தது ஒன்றுகூட இல்லை. தலைமைச் சிற்பாசாரியாரின் பெயர் சிலவற்றில் உண்டு. சாந்து குழைத்தவர்கள், கல் பொளிந்தவர்கள், சாரத்தில் ஏறி நின்றவர்கள் பெயர் எதிலும் இல்லை. நம் மேல்வகுப்பு மாணவருக்கு இது நல்லதொரு வேலை. ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் அடுத்த திருப்பணி தொடங்குமுன் ஓர் அளவுகோலையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போகட்டும். உள்ளே விடாவிட்டால், யார் விடவில்லை, என்ன காரணம் சொன்னார் என்பதையும் அதே கொப்பியிற் குறித்துவரட்டும்.